ஆடு பிடிக்கும்

கொரிய மொழியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே எனக்கு ஆகாத கேள்வி, 'ச்விமிகா ம்வோயேயோ?' உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று அர்த்தம். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெயர் கேட்டார்கள், சொன்னேன். ஊர் கேட்டார்கள், பேரையூர் என்று சொன்னதோடு கொரிய எழுத்தில் பலகையில் எழுதியும் காட்டினேன். வீட்டில் எத்தனை பேர், காலையில் என்ன சாப்பிட்டாய், இன்றைக்கு என்ன கிழமை, எதற்கும் நான் முழித்ததில்லை. அடுத்த பாடத்தைத் திருப்பினால், படத்தில் ஒரு கொரியக் குடும்பம் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து கித்தார் வாசித்துக்கொண்டிருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மதுரை கே.கே. நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும். என்னைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் பக்கத்துத் தெருக்களில் இருந்து ஸ்கூட்டியில் வருகிற பிள்ளைகள். கொரிய சீரியல் பார்த்துப் பார்த்தே பாதி மொழியைக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பாடம் அல்வா சாப்பிடுவது போல இருந்தது. ஒருத்தி படம் வரைவாள், ஒருத்தி கேக் செய்வாள், ஒருத்தி நடனம் ஆடுவாள். ஒருத்தி தூங்குவது என்று சொன்னாள், அதற்கும் டீச்சர் கைதட்டினார்.

என் முறை வந்தபோது எனக்குள் தமிழில்தான் யோசனை ஓடியது. பொழுதுபோக்கு. எங்கள் வீட்டில் பொழுது என்ற சொல் வசவோடு சேர்ந்துதான் வரும். நான் போனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், "பொழுது போகலையாடி ஒனக்கு?" என்று அம்மா கேட்பாள். கேட்டுவிட்டுக் கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் பொழுதை யாரும் போக்க வேண்டியதில்லை. அதுவே போய்விடும், வேலையை மட்டும் வைத்துவிட்டு.

'ச்விமிகா ஒப்ஸொயோ' என்றேன். பொழுதுபோக்கு இல்லை. இலக்கணம் சுத்தமாக இருந்தது. டீச்சருக்குத்தான் முகம் சுருங்கியது. அவர் சென்னையில் ஒரு கொரியக் கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மதுரைக்கு வந்து இந்த வகுப்பை ஆரம்பித்தவர். எங்களைவிட கொஞ்சம்தான் மூத்தவர்.

"அப்படிச் சொல்லக்கூடாதும்மா. இல்லைன்னு சொன்னா, உன்கூடப் பேச எனக்கு இஷ்டம் இல்லைன்னு எடுத்துக்குவாங்க. உனக்கு என்ன பிடிக்கும்னு யோசிச்சுட்டு அடுத்த வாரம் வா" என்றார்.

வீட்டுப்பாடமாக ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டு வரச் சொன்ன வகுப்பு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் எதற்காக இந்த மொழிக்குள் தலையைக் கொடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். நான் பிறந்த பிறகுதான் கொஞ்சம் மானாவாரி நிலமும் சில ஆடுகளும் சொந்தமென்று ஆனது. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அந்த டிகிரியை வைத்துக்கொண்டு திருமங்கலத்தில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பூச்சிமருந்து வாசனை துணியை விட்டுப் போகாது. முதலாளிக்கு என் பெயர் தெரியும், ஆனாலும் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார்.

சென்னைப் பக்கம் கொரியக்காரர்கள் நடத்துகிற கம்பெனிகளில், அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்லவும் நம்மவர்கள் பேசுவதைக் கொரிய மொழியில் சொல்லவும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். டீச்சரும் அதையே சொன்னார். வகுப்பின் இரண்டாம் நிலை முடிகிற சமயத்தில் தனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி ஆள் எடுக்க வரும், ஒரே ஓர் இடம்தான், நன்றாகப் பேசுகிறவளுக்குக் கிடைக்கும் என்றார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்கு அந்த மொழியே ஒரு ச்விமி. எனக்கு அது உரக்கடையை விட்டு வெளியே போகிற ஒரே கதவு.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு என்ன பிடிக்கும்? திருமங்கலம் வந்தபோது விடை கிடைத்துவிட்டது. எனக்கு ஆடு பிடிக்கும். பொய்யில்லை. அப்போது எங்களிடம் ஒரு செவலைக் குட்டி இருந்தது, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு. தாய் அண்டவிடாமல் உதைத்துத் தள்ளியதால் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தேன். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து முழங்காலில் முட்டும். அந்த நேரம் மட்டும் எனக்கு வேலை என்று தோன்றாது.

ஆடு என்றால் 'யோம்சோ'. அது தெரியும். 'பிடி' என்று போனில் தட்டிப் பார்த்தேன். 'ஜப்தா' என்று வந்தது. அதை மரியாதையாக முடித்தால் 'ஜபாயோ'. வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு, டவுன் பஸ்ஸில் நின்றபடியே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, வகுப்பில் எழுந்து நின்று தெளிவாகச் சொன்னேன். 'சொனுன் யோம்சோருல் ஜபாயோ.'

டீச்சர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். தமிழில் மட்டும்தான் மனசுக்குப் பிடிப்பதற்கும் கையால் பிடிப்பதற்கும் ஒரே சொல்லாம். கொரிய மொழியில் ஒன்று பிடித்திருக்கிறது என்பதற்கு 'ஜோஆஹேயோ' என்று வேறு சொல். 'ஜபாயோ' என்றால் கையால் பிடிப்பது. அதையே ஆடு மாடு கோழியோடு சேர்த்துச் சொன்னால் அறுப்பது என்று அர்த்தம்.

கேக் செய்கிற பிள்ளைகளுக்கும் படம் வரைகிற பிள்ளைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, என் பொழுதுபோக்கு ஆடு அறுப்பது என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? ஆனால் பின்வரிசையில் ஒருத்தி "கறிக்கடை" என்று மெதுவாகச் சொன்னதும் காதில் விழுந்தது. அது அதற்குப் பிறகும் பல வாரம் விழுந்துகொண்டிருந்தது.

டீச்சர் எனக்காக இரக்கப்பட்டு, ஆட்டையே விட்டுவிடச் சொன்னார். ஆடு மேய்ப்பது 'இல்', ச்விமி இல்லை என்றார். கொரிய மொழியில் வேலைக்கு இல் என்று பெயர். கம்பெனிக்காரன் முன்னால் போய் ஆடு, மாடு என்று ஆரம்பித்தால் பட்டிக்காட்டுப் பிள்ளை என்று தோன்றிவிடும், அதனால் எனக்குத் தோதாக இரண்டு பொழுதுபோக்குகளைத் தருகிறேன் என்றார். 'தொக்ஸோ', புத்தகம் வாசிப்பது. 'உமாக் கம்சாங்', இசை கேட்பது. எந்தக் கூட்டத்திலும் போட்டுக்கொண்டு போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"நிஜமா இருக்கணும்னு அவசியம் இல்லம்மா. ச்விமி பொய்யா இருந்தாலும் கிராமர் சரியா இருந்தாப் போதும்" என்றார்.

அதே பாடத்தில்தான் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். சினிமாவுக்கு வருகிறாயா, மலை ஏறப் போகலாமா என்று ஒருவர் கூப்பிட்டு, நமக்குப் போக மனமில்லை என்றால் 'இரி இஸ்ஸொயோ' என்று சொல்லிவிட வேண்டும். வேலை இருக்கிறது என்று அர்த்தம். என்ன வேலை என்று எதிராளி கேட்கக் கூடாது. அது அவர்களுடைய மரியாதை. எங்கள் ஊரில் அப்படி ஒரு மரியாதை இருந்திருந்தால் நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவாமல் தப்பித்திருப்பேன்.

அன்றைக்கு வகுப்பு முடிந்து படியிறங்கும்போது நடனம் ஆடுகிறவள் என் பின்னாலேயே வந்து, "நிஜமாவே உங்க வீட்ல ஆடு இருக்காடி?" என்று கேட்டாள். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை, உண்மையான ஆசை. அப்படித்தான் பழக்கமானோம். அவள் வீடு அடுத்த தெருவில். அங்கே என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். அவள் அம்மா பள்ளிக்கூட டீச்சர். தண்ணீர் கொடுத்துவிட்டு, "பேரையூர்ல எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்று சொல்லிவைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாத் தெருவும்தான் பக்கம்.

எங்கள் டீச்சர் வெளியூர் போய் வகுப்பு இல்லாமல்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் ஊருக்கு வந்தாள். அவள் அப்பா காரில் கொண்டுவந்து விட்டார். அவர் இறங்கவில்லை, மலையடிவாரக் கோயில் வரைக்கும் போய்வருகிறேன் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவள் அப்படியில்லை. அம்மா போட்ட டீயைக் கேட்டு வாங்கி இரண்டாவது தடவையும் குடித்தாள், பட்டிக்குள் செருப்பில்லாமல் போனாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி.

செவலைக் குட்டியைப் பார்த்ததும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இறக்கவே மாட்டேன் என்றாள். அதற்கு சாக்கோ என்று பெயர் வைத்தாள். நாங்கள் ஆடுகளுக்குப் பெயர் வைப்பதில்லை, நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவதோடு சரி. பெயர் வைத்தால் சந்தைக்குக் கொண்டுபோகும்போது கஷ்டம். என்னிடம் போனைக் கொடுத்து அவளும் குட்டியுமாகப் படம் எடுக்கச் சொன்னாள். அவள் கேட்ட கோணத்தில் எல்லாம் எடுத்தேன். குட்டி திமிறாமல் இருக்க இன்னொரு கையால் ஓர் ஓரமாக அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் அதை வெளியிட்டபோது படத்தில் என்னுடைய விரல்கள் மட்டும் இருந்தன. அடியில் கொரிய மொழியில், என் குட்டி நண்பன் என்று எழுதியிருந்தாள். அவள் போன பிறகு அம்மா கேட்டாள், "இம்புட்டு ஆசையா இருக்கே, அந்தப் புள்ள ஒண்ண வாங்கிக்கிருமா?" என்று.

இரண்டாம் நிலைக்குப் பணம் கட்ட வேண்டிய சமயம் வந்தது. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. பட்டியில் விலை போகிற அளவுக்கு வளர்ந்திருந்தது செவலை ஒன்றுதான். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. லோடு ஆட்டோவில் அம்மாவும் நானும் அதுவும் ஒன்றாகத்தான் போனோம். எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டதால் வழியில் இறங்கிக்கொண்டேன். அது என்னோடு இறங்கப் பார்த்தது. அம்மா கயிற்றை இழுத்துப் பிடித்தாள். மத்தியானம் கடைக்கு வந்து பணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, மதுரைக் கறிக்கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார் என்று மட்டும் சொன்னாள். கட்டணம் கட்டினேன். இரண்டாம் நிலையின் முதல் பாடம் சமையல்.

சாக்கோ என்று பெயர் வைத்தவளிடம் இதைச் சொன்னேன். மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஏன்டி என்கிட்ட கேக்கல? நான் எங்கப்பாட்ட வாங்கித் தந்திருப்பேன்ல" என்றாள். என் ஆடு போனதற்கு அவளை நான் தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தை அவள் கடைசிவரை நீக்கவில்லை.

கம்பெனி வந்தது. மேனேஜர் ஒரு கொரியக்காரர், ஐம்பது வயதிருக்கும். மீனாட்சி கோயிலைப் பார்க்க வந்தவர், அப்படியே ஆளும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்க வேண்டும். நெற்றியில் குங்குமம் இருந்தது. கூட வந்த நம்மூர் அதிகாரி போனிலிருந்து தலை நிமிரவில்லை. எங்கள் வகுப்பறையிலேயே நேர்காணல். டீச்சர் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேரை மட்டும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அவளும் நானும்.

மேனேஜர் முதலில் என்னிடம்தான் பேசினார். இப்போது என்ன வேலை என்று கேட்டார். உரக்கடை பற்றிச் சொன்னேன். விவசாயிகள் கேட்பதற்கும் டப்பாவில் எழுதியிருப்பதற்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் புரிய வைப்பது என் வேலை என்று, பல நாள் மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தடுக்காமல் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்றார். கம்பெனியில் எனக்கான மேசையும் நாற்காலியும் கண் முன்னால் தெரிந்துவிட்டன.

அப்புறம் அந்தக் கேள்வி. 'ச்விமிகா ம்வோயேயோ?'

தொக்ஸோ, உமாக் கம்சாங் என்றேன். ஆஹா என்று தலையாட்டினார். அண்மையில் என்ன புத்தகம் வாசித்தீர்கள் என்று கேட்டார். இதற்கு டீச்சர் பதில் தரவில்லை. கொரியப் பாடப் புத்தகம் என்று சொன்னேன். அதுதான் உண்மை. அவர் மரியாதையாகச் சிரித்தார். வீட்டுக்குப் பிடிக்காத மாப்பிள்ளை வந்தால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

நடனம் என்று சொல்வாள் என்று இருந்தேன். அவள், ஆடு வளர்ப்பது என்றாள்.

முதலில் எனக்கு என் காதின் மேல்தான் சந்தேகம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. பேரையூர் என்று ஓர் ஊர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவேன், அங்கே எனக்கு ஓர் ஆடு இருக்கிறது, நகரத்தில் களைத்துப்போன மனசுக்கு அது மருந்து என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் நானும் இதே அறையில் இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் முகம் மாறியது. தன் அம்மாவின் ஊரிலும் ஆடுகள் உண்டு, சின்ன வயதில் அவற்றின் பின்னாலேயே திரிவேன் என்றார். குரலே வேறாகிவிட்டது. அவள் போனை நீட்டினாள். அந்தப் படம். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். என் விரல்களையும் பார்த்திருப்பார்.

பெயர் என்ன என்று கேட்டார். சாக்கோ என்றாள். சிரித்தார். இப்போது பெரிதாகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம், நான் போனால் ஓடிவந்து முழங்காலில் முட்டும் என்றாள். அந்த முழங்கால் என்னுடையது.

அவர் நல்ல மனிதர்தான். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்னையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம் என்று, நீங்களும் அந்த ஆட்டைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. எந்தத் தமிழும் நடுவில் வரவில்லை. நேராகக் கொரிய மொழியிலேயே வாயில் வந்தது. "கு யோம்சோனுன் ஜபாஸ்ஸொயோ." அந்த ஆட்டை அறுத்தாகிவிட்டது.

மேனேஜரின் சிரிப்பு நின்றுவிட்டது. நம்மூர் அதிகாரிகூடப் போனிலிருந்து நிமிர்ந்தார். மேனேஜர் கையில் அவள் போன் அப்படியே இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரே ஒரு கணம்தான். பிறகு அவள் என் கையின் மேல் தன் கையை வைத்து, அன்பாகச் சிரித்துக்கொண்டே மேனேஜரிடம் விளக்க ஆரம்பித்தாள்.

தமிழில் மனசுக்குப் பிடிப்பதற்கும் கையால் பிடிப்பதற்கும் ஒரே சொல், என் தோழி இந்த இரண்டையும் எப்போதும் குழப்பிக்கொள்வாள், எனக்கும் அந்த ஆடு ரொம்பப் பிடித்திருந்தது என்றுதான் அவள் சொல்ல வருகிறாள் என்றாள். அவ்வளவு அழகான, நீளமான கொரிய வாக்கியத்தை அவள் அதற்கு முன்னால் பேசி நான் கேட்டதில்லை. மூலையில் டீச்சரும் சிரித்தபடி தலையாட்டி, ஆமாம், முதல் நிலையிலேயே இதே தப்பைச் செய்தவள்தான் என்று ஒத்து ஊதினார். அவர் மேல் குற்றமில்லை, ஆடு விற்ற கதை அவருக்குத் தெரியாது. மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சொல்லை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அவளிடம் கேட்டு, 'பிதிக்கும், பிதிக்கும்' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

நான் கொரிய மொழியில் யோசிக்காமல், மனப்பாடம் செய்யாமல், பிழையில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது. அது சரியான வாக்கியம் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் அதைத் தப்பு என்று மொழிபெயர்த்துவிட்டாள்.

மறுத்துப் பேச வாயெடுத்தேன். சந்தை, கயிறு, கறிக்கடைக்காரர், பணத்துக்காக விற்றோம், நான் கட்டிய கட்டணம் அந்த ஆடுதான். ஒன்றுக்கும் கொரியச் சொல் வரவில்லை. அதெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை. கூடாரம், கித்தார், மலையேற்றம், நீச்சல் எல்லாம் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. 'நே' என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அப்படி என் வாயாலேயே முடித்துக்கொடுத்தேன்.

படியில் இறங்கும்போது அவள் பின்னாலேயே வந்தாள்.

"ஸாரிடி. எனக்கு வேற வழி தெரியல. வேலை கிடைக்கலைன்னா வர்ற தையில கல்யாணம்னு வீட்ல முடிவே பண்ணிட்டாங்க" என்றாள்.

அவளுக்கும் தப்பித்துப் போக ஒரு கதவு வேண்டியிருந்திருக்கிறது. சரி. ஆனால் செத்துப்போன என் ஆட்டின் மேல் ஏறித்தான் தப்பிக்க வேண்டுமா? கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் எனக்கு வேலை காத்துக்கொண்டிருந்தது, அவள் வீட்டில் கல்யாணம் காத்திருந்தது போல.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. மொழிபெயர்ப்பில் சமயோசிதம் இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டியதாக டீச்சர் சொன்னார். இப்போது புதிதாகச் சேருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தப் பாடம் வரும்போது இந்தக் கதையைச் சொல்கிறாராம். ஒரு பிள்ளை ஆடு பிடிக்கும் என்பதற்கு ஆடு அறுப்பேன் என்று நேர்காணலிலேயே சொன்ன கதை, இன்னொரு பிள்ளை அதைச் சமாளித்த கதை. எல்லோரும் நன்றாகச் சிரிக்கிறார்கள் என்று திருமங்கலம் வந்த வழியில் எங்கள் கடைக்கு மாடித்தோட்டத்து மருந்து வாங்க வந்தபோது என்னிடமே சொன்னார். பில்லை மடித்துக் கொடுத்தேன்.

நான் இன்னும் உரக்கடையில்தான் இருக்கிறேன். கொரிய மொழி கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. முதலில் போனது பொழுதுபோக்குப் பாடம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. வெகு நாளைக்குப் பிறகு. எடுத்ததும் நலம் விசாரித்தாள், அம்மாவை விசாரித்தாள். மேனேஜரின் மனைவி கொரியாவிலிருந்து வந்திருக்கிறாராம். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் மதுரைக்கு வருகிறார்களாம். சாக்கோவைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்களாம்.

"சாக்கோ மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும்டி. செவலையா, நெத்தில வெள்ளையா. ஒரு மணி நேரம்தான், போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிருவோம். ப்ளீஸ்டி" என்றாள்.

அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதே தாய் ஈன்ற குட்டி. நான் பேசிக்கொண்டிருந்தபோது பட்டிக்குள் வேலியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இரி இஸ்ஸொயோ" என்றேன்.

அவளுக்குப் புரிந்திருக்கும், அந்தப் பாடத்தை ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதானே படித்தோம். என்ன வேலை என்று கேட்காமல் இருக்கிற மரியாதையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. போனை வைத்துவிட்டாள். இதை அவர்களிடம் என்னவென்று மொழிபெயர்த்துச் சொல்வாளோ, அது அவள் பாடு.

"யாருடி போன்ல?" என்று அம்மா பட்டியிலிருந்து கேட்டாள்.

"நம்ம ஆட்டப் பாக்க கொரியாவுல இருந்து வாராகளாம். பொழுதுபோக்குக்கு."

அம்மா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "வரச் சொல்றதுதான. புழுக்க அள்ள ஆளில்லாமத்தான கெடக்கு" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

நான் போனை ஜன்னலில் வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனேன். அவளிடம் நான் சொன்னது சாக்கு இல்லை. வேலை இருந்தது.